மின்னழுத்த உயர்த்தி: தமிழ்நாட்டுத் தொழிற்கூடங்களில் அதன் வரலாறு

மின்னழுத்த உயர்த்தி என்பது குறைந்த மின்னழுத்தத்தில் வரும் மின்சாரத்தை, கருவிக்குத் தேவையான உயர்ந்த மின்னழுத்தத்துக்கு மாற்றித் தரும் அமைப்பாகும். இன்று பொறியியல் மாணவர்கள் 'பூஸ்ட் கன்வெர்ட்டர்' என்று படிப்பது இதன் ஒரு வகை. வீடுகளிலும் பட்டறைகளிலும் 'ஸ்டெபிலைசர்' என்ற பெயரில் இருப்பது இன்னொரு வகை. துணைமின்நிலைய மின்மாற்றியின் பக்கவாட்டில் 'டேப் சேஞ்சர்' என்ற பெயரில் பொருத்தப்பட்டிருப்பது மூன்றாவது வகை. இவற்றின் வேலை ஒன்றே. ஆனால் உயர்த்தும் இடம் எது, உயர்த்துவது யார், அதனால் அடுத்த இணைப்புக்காரருக்கு என்ன ஆகிறது என்ற கேள்விகளுக்கு ஒவ்வொன்றிலும் விடை வேறு. தமிழ்நாட்டின் மின்மயமாக்க வரலாற்றில் பாதியை இந்தக் கேள்விகளைக் கொண்டே சொல்லிவிடலாம்.

தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். எந்த உயர்த்தியும் மின்சாரத்தை உண்டாக்குவதில்லை. திறன் என்பது மின்னழுத்தம், மின்னோட்டம் இரண்டின் பெருக்கல். வெளியே மின்னழுத்தம் இரு மடங்கு கிடைக்கிறது என்றால், உள்ளே மின்னோட்டம் இரு மடங்குக்குச் சற்று அதிகமாகவே இழுக்கப்படுகிறது. அந்தக் கூடுதல் ஓட்டம் வருவதும் அதே கம்பியில்தான்.

டிராம் காலம்

சென்னையில் மின்சார டிராம் 1895 மே மாதத்தில் ஓடத் தொடங்கியது. இந்தியாவில் மின்சாரத்தால் இயங்கிய முதல் டிராம் போக்குவரத்துகளில் அது ஒன்று. அந்தக் காலத்து டிராம்கள் நேர்திசை மின்னோட்டத்தில் ஓடின. நேர்திசை மின்னோட்டத்துக்கு ஒரு பெருங்குறை உண்டு: மின்மாற்றியால் அதன் அழுத்தத்தை ஏற்றவோ இறக்கவோ முடியாது. மின்நிலையத்திலிருந்து தூரம் கூடக்கூடக் கம்பியின் தடையால் அழுத்தம் குறைந்துகொண்டே போகும். பாதையின் கடைசியில் வண்டி ஊர்ந்து போகும்.

உலகெங்கும் டிராம் நிறுவனங்கள் இதற்குக் கண்ட தீர்வுக்குப் பெயரே 'பூஸ்டர்'. ஒரு மோட்டாரும் ஒரு சிறிய மின்னாக்கியும் ஒரே அச்சில் இணைக்கப்பட்டிருக்கும். அந்த மின்னாக்கியை நீண்ட வழித்தடக் கம்பியோடு தொடர் இணைப்பில் சேர்த்துவிடுவார்கள். கம்பியில் ஓட்டம் கூடினால் மின்னாக்கி தரும் கூடுதல் அழுத்தமும் கூடும். கம்பி விழுங்குவதை மின்னாக்கி ஈடுகட்டிவிடும். 'பூஸ்ட்' என்ற சொல் மின்பொறியியலுக்கு வந்தது இந்த இயந்திரத்தோடுதான்.

இதே காலத்தில், 1891-ல், அமெரிக்கரான ஹாரி வார்டு லியோனார்ட் தொழிற்சாலைகளுக்கென்று ஒரு முறையைக் கொண்டுவந்தார். ஒரு மோட்டார் ஒரு மின்னாக்கியைச் சுழற்றும். அந்த மின்னாக்கியின் காந்தப்புலத்தை ஒரு சிறு கைப்பிடியால் கூட்டிக் குறைத்தால், வெளிவரும் மின்னழுத்தம் சுழியத்திலிருந்து முழு அளவு வரை நம் விருப்பப்படி மாறும். அந்த மின்னழுத்தத்தில்தான் வேலை செய்யும் மோட்டார் ஓடும். சுரங்கத் தூக்கிகளையும் எஃகு உருட்டாலைகளையும் பெரிய மின்தூக்கிகளையும் பல பத்தாண்டுகள் ஆண்டது இம்முறை. ஒரு வேலைக்கு மூன்று இயந்திரங்கள் வேண்டும், மூன்றுக்கும் பராமரிப்பு வேண்டும் என்பது அதன் சுமை. ஆனாலும் 'சரிசெய்யத்தக்க மின்னழுத்தம்' என்பதை ஆலைகளுக்கு முதலில் தந்தது இதுவே.

பைக்காராவிலிருந்து கோவைக்கு

மாறுதிசை மின்னோட்டமும் மின்மாற்றியும் வந்தபின் நிலைமை தலைகீழானது. நீலகிரியின் பைக்காரா நீர்மின்நிலையம் 1932-ல் இயங்கத் தொடங்கியது. அங்கிருந்து கோயம்புத்தூருக்கு 66,000 வோல்ட்டில் மின்சாரம் இறங்கியது. ஏன் இத்தனை உயர்ந்த அழுத்தம்? 11,000 வோல்ட்டில் அனுப்பும் அதே திறனை 66,000 வோல்ட்டில் அனுப்பினால் கம்பியில் ஓட்டம் ஆறில் ஒரு பங்காகும். இழப்பு ஓட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதம் என்பதால் அது 36-ல் ஒரு பங்காகிவிடும். கோவையின் பஞ்சாலைகள் 1930-களில் பெருகியதற்குப் பருத்தியும் உழைப்பும் முதலீடும் காரணமென்றால், மலையிலிருந்து இறங்கிய இந்தக் கம்பியும் காரணம். 1937-ல் மேட்டூரும் 1944-ல் பாபநாசமும் சேர்ந்துகொண்டன. 1957 ஜூலை 1 அன்று மாநில மின்சார வாரியம் அமைந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, அழுத்தம் உயர்த்தப்பட்ட இடம். பைக்காராவில் உயர்த்தியது உற்பத்தியாகும் இடத்தில். அதனால் கம்பியில் ஓட்டம் குறைந்தது, எல்லோருக்கும் நன்மை. ஸ்டெபிலைசர் உயர்த்துவது பயன்படுத்தும் இடத்தில். அங்கே கம்பியில் ஓட்டம் கூடுகிறது. ஒரே பெயருடைய இரண்டு செயல்கள் கம்பியில் நேர்மாறான விளைவைத் தருகின்றன. பாடநூல்கள் இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்வதில்லை.

மின்பளு நேரத்துக்கு நேரம் மாறுவதால், மின்மாற்றியின் சுற்று எண்ணிக்கையையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. மின்சாரத்தை நிறுத்தாமல் இதைச் செய்வது எளிதல்ல. ஒரு சுற்றிலிருந்து அடுத்ததற்குத் தாவும் கணத்தில் ஓட்டம் அறுந்தால் பெரும் தீப்பொறி எழும்; இரண்டையும் ஒருசேரத் தொட்டால் இடைப்பட்ட சுற்றுகள் குறுக்குச்சுற்றாகி எரியும். ஜெர்மானியரான பெர்ன்ஹார்ட் யான்சன் 1920-களில் வடிவமைத்த மின்தடை வழி டேப் சேஞ்சர் இதற்கு விடையானது. தாவும் கணத்தில் இரண்டு சுற்றுகளுக்கும் நடுவே ஒரு மின்தடையைச் சேர்த்து, ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் வேலையை முடித்துவிடும். இக்கருவியைப் பரவலாக்கிய ரைன்ஹவுசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு டேப் சேஞ்சர்கள் பின்னாளில் திருவள்ளூர் மாவட்டத்துத் திருநின்றவூரிலேயே தயாராயின.

கடைக்கோடி இணைப்புகள்

துணைமின்நிலையம் வரை அழுத்தத்தைச் சீராக வைத்திருக்க இவ்வாறு வழி பிறந்தது. அதன்பின் தெருவோர மின்மாற்றிக்கும் கடைசிக் கம்பத்துக்கும் இடையில்தான் சிக்கல்.

தெருவோர மின்மாற்றியின் தகட்டைப் படித்துப் பார்க்கும் மாணவர்கள் அதில் 11,000 / 433 வோல்ட் என்று பொறித்திருப்பதைக் காணலாம். மும்முனை இணைப்புக்கு 415 வோல்ட் என்றுதானே படித்தோம், 433 எங்கிருந்து வந்தது? வழியில் விழப்போவதை முன்கூட்டியே சேர்த்து அனுப்புகிறார்கள். இதுவும் ஒரு சிறு உயர்த்திதான். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் தாழ்வழுத்த இணைப்பில் ஏற்றமோ இறக்கமோ 6 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்றன. அதாவது 415 வோல்ட் இணைப்பு 390-க்குக் கீழே இறங்கக்கூடாது. நீண்ட கம்பியின் கடைசியில் இருந்தவர்களுக்கு இந்த விதி காகிதத்தில்தான் இருந்தது.

கிராம மின்மயமாக்கலில் தமிழ்நாடு முந்தியது. வேளாண் பம்புசெட் இணைப்புகள் இன்று 20 லட்சத்துக்கும் மேல். வேகமாக இணைப்புக் கொடுக்க வேண்டும் என்ற நெருக்கடியில், ஒரே மின்மாற்றியிலிருந்து தாழ்வழுத்தக் கம்பிகள் வயலுக்கு வயல் நீண்டுகொண்டே போயின. மாலையில் எல்லா மோட்டார்களும் ஓடும் நேரத்தில் கடைசிக் கிணற்றுக்கு 340 வோல்ட் வந்தால் பெரிது. தூண்டல் மோட்டாரின் திருப்புவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதம். 415-க்குப் பதில் 340 வந்தால் விசை மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும். மோட்டார் கிளம்பாமல் 'ம்ம்ம்' என்று முனகும். அப்போது அது இழுக்கும் ஓட்டம் வழக்கத்தைப்போலப் பல மடங்கு. சில நிமிடங்களில் காயில் எரியும். ஊருக்கு ஊர் ரீவைண்டிங் கடைகள் முளைத்த கதை இதுதான். மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில், கன்டென்சர் என்று அழைக்கப்பட்ட மின்தேக்கிகளை வைத்து இரண்டு ஃபேஸில் மோட்டாரை ஓட்டும் உபாயமும் இக்காலத்தில் பரவியது. பயிர் காய்வதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாதவரின் பொறியியல் அது. அதைக் குறை சொல்வது எளிது.

பட்டறைகளில் வந்தது சர்வோ ஸ்டெபிலைசர். வட்ட வடிவச் சுருளின் மேல் ஒரு கரிப் பட்டை நகரும். அழுத்தம் குறைந்ததை உணர்ந்த ஒரு சிறிய மோட்டார் பட்டையைத் திருப்பும். அதிலிருந்து கிடைக்கும் அழுத்தம் இன்னொரு மின்மாற்றி வழியாக உள்வரும் கம்பியோடு தொடராகச் சேரும். டிராம் கால பூஸ்டரின் அதே தத்துவம். சரிசெய்யச் சில நொடிகள் ஆகும் என்பது மட்டுமே குறை. கடைசல் இயந்திரத்துக்கு அது போதும், பிற்காலத்து மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்குப் போதாது.

ஒரு கணக்கு

உயர்த்தி வைத்தவரின் பக்கத்து இணைப்புக்கு என்ன ஆகிறது என்பதை ஒரு சிறு கணக்கால் காணலாம். மின்மாற்றியில் 240 வோல்ட். கடைசிக் கம்பம் வரை கம்பியின் தடை 1 ஓம். அங்கே 11 ஓம் தடையுள்ள ஒரு வெப்பமூட்டி. ஓட்டம் 20 ஆம்பியர், கம்பத்தில் அழுத்தம் 220 வோல்ட், கம்பியில் வீணாவது 400 வாட்.

இப்போது வெப்பமூட்டிக்கு முழு 240 வோல்ட் வேண்டுமென்று அதன் உரிமையாளர் இழப்பே இல்லாத ஓர் உயர்த்தியை வாங்கி வைக்கிறார் என்று கொள்வோம். வெப்பமூட்டி சுமார் 5,236 வாட் எடுக்கும். அந்தத் திறனைக் கம்பி வழியே இழுக்க ஓட்டம் 24.3 ஆம்பியராக ஏறும். கம்பத்தில் அழுத்தம் 215.7 வோல்ட்டாக இறங்கும். கம்பி இழப்பு ஏறத்தாழ 590 வாட் ஆகும். உயர்த்தி வைத்தவருக்கு 240. அதே கம்பத்தில் உயர்த்தி வாங்க வசதியில்லாதவருக்கு 220 ஆக இருந்தது இப்போது 215.7. அவரும் ஒன்று வாங்குவார். பிறகு அடுத்தவர்.

இப்படியே எவ்வளவு தூரம் போகலாம்? அந்தக் கம்பி தரக்கூடிய பெரும அளவு 14,400 வாட். அப்போது ஓட்டம் 120 ஆம்பியர், கம்பத்தில் அழுத்தம் 120 வோல்ட். உற்பத்தியான மின்சாரத்தில் சரிபாதி கம்பியிலேயே வெப்பமாகிவிடும். அதற்கு மேல் ஒரு வாட் கேட்டாலும் எந்த உயர்த்தியாலும் தர முடியாது. பட்டறையில் கம்பி அதற்கு வெகு முன்பே எரிந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

கும்மிடிப்பூண்டி – ஆரம்பாக்கம்

தமிழ்நாட்டின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த ஊர் ஆரம்பாக்கம். சென்னை – கூடூர் ரயில் பாதையும் கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையும் இதன் வழியே செல்கின்றன. தெற்கே சில நிலையங்கள் தள்ளிக் கும்மிடிப்பூண்டி. 1971-ல் தொடங்கப்பட்ட சிப்காட் நிறுவனம் கும்மிடிப்பூண்டியில் அமைத்த தொழிற்பேட்டையும் அதைச் சுற்றிப் பெருகிய தனியார் ஆலைகளும் இப்பகுதியின் முகத்தை மாற்றின. பழைய இரும்பை உருக்கும் தூண்டல் உலைகளும், கட்டுமானக் கம்பிகளை உருட்டும் ஆலைகளும் இங்கே மிகுதி.

இப்பகுதிக்கு முதலில் உயர் மின்னழுத்தத்தைக் கண்ணால் காட்டியது ரயில். 1931-ல் மின்மயமான சென்னை கடற்கரை – தாம்பரம் பாதை 1,500 வோல்ட் நேர்திசை மின்னோட்டத்தில் ஓடியது. 1960-களின் பிற்பகுதியில் அது 25,000 வோல்ட் மாறுதிசைக்கு மாறியது. சென்னை – கும்மிடிப்பூண்டி புறநகர் மின்ரயில் 1979-ல் வந்தபோது அது 25,000 வோல்ட்டிலேயே வந்தது. இந்த ரயில் கம்பித் தொகுதியில் 'பூஸ்டர் டிரான்ஸ்ஃபார்மர்' என்று ஒன்று உண்டு. பெயரைப் பார்த்து அது அழுத்தத்தை உயர்த்துவதாக எண்ணிவிடக்கூடாது. தண்டவாளத்தின் வழியே மண்ணுக்குள் சிதறும் திரும்போட்டத்தைத் தனிக் கம்பிக்குள் இழுத்து, அருகிலுள்ள தொலைபேசிக் கம்பிகளில் இரைச்சல் வராமல் தடுப்பதே அதன் வேலை.

மின்சாரம் பிறக்கும் இடத்துக்கு இப்பகுதி மிக அருகில் உள்ளது. எண்ணூர் அனல்மின்நிலையம் 1970-ல் இயங்கத் தொடங்கி 2017-ல் மூடப்பட்டது. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின்நிலையம் 1994 முதல் இயங்குகிறது. வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையம் 2012-க்குப் பின் வந்தது. ஆனால் அருகில் உற்பத்தியாவதால் மட்டும் கடைசிக் கம்பத்தில் அழுத்தம் நிலைத்துவிடாது. பெரிய உலைகள் 33,000 அல்லது 1,10,000 வோல்ட்டில் நேரடி இணைப்புப் பெறுகின்றன. அவற்றுக்குக் கவலை குறைவு. அதே பேட்டைக்கு வெளியே தாழ்வழுத்த இணைப்பில் இயங்கும் சிறு பட்டறைக்குக் கிராமத்துப் பம்புசெட்டின் நிலைமைதான்.

தூண்டல் உலை இன்னொரு சிக்கலையும் கொண்டுவந்தது. அது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை முதலில் நேர்திசையாக்கி, பிறகு நூற்றுக்கணக்கான ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் மீண்டும் மாறுதிசையாக்குகிறது. இந்தச் செயலில் அது இழுக்கும் ஓட்டம் சீரான அலையாக இல்லாமல் வெட்டுப்பட்ட அலையாக இருக்கும். உலையின் பளு ஏறி இறங்கும்போதும் அருகிலுள்ள இணைப்புகளில் அழுத்தம் ஆடும். கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் ஒரு வெட்டும் இயந்திரம் அந்த ஓர் ஆட்டத்தில் நின்றுவிட்டால், பாதி வெட்டிய பாகம் கழிவு. சர்வோ ஸ்டெபிலைசரின் பட்டை நகர்ந்து முடிவதற்குள் எல்லாம் நடந்துவிடும். இங்கேதான் மின்னணு உயர்த்தியின் தேவை எழுந்தது.

சாவி கிடைத்த கதை

மின்னணு உயர்த்தியின் தத்துவம் புதிதல்ல. பழைய டியூப் லைட்டில் ஸ்டார்ட்டர் திறக்கும் கணத்தில் சோக் ஓர் உயர் அழுத்தத்தைத் தள்ளிக் குழலை எரிய வைக்கும் அல்லவா, அதேதான். மின்தூண்டியில் ஓடிக்கொண்டிருக்கும் ஓட்டத்தைத் தடுத்தால், ஓட்டத்தைத் தொடர வைப்பதற்காக அது தன் அழுத்தத்தை எவ்வளவு வேண்டுமானாலும் உயர்த்தும். ஸ்டார்ட்டர் ஒரு முறை திறக்கிறது. நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடும் ஒரு சாவியும், ஓட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடும், வருவதைச் சேர்த்து வைக்கும் மின்தேக்கியும் இருந்தால் உயர்த்தி தயார். சாவி மூடியிருக்கும் நேரத்தின் விகிதத்தை மாற்றினால் வெளியழுத்தம் மாறும். பாதி நேரம் மூடியிருந்தால் இரு மடங்கு. முக்கால் பங்கு நேரம் மூடியிருந்தால் நான்கு மடங்கு.

ஆலைகளின் அளவுக்கு அந்தச் சாவிதான் நெடுநாள் கிடைக்கவில்லை. 1950-களின் இறுதியில் வந்த தைரிஸ்டர், வார்டு லியோனார்டின் மூன்று இயந்திரங்களை ஓய்வுக்கு அனுப்பியது உண்மை. ஆனால் அதை மூட முடியும், நினைத்த கணத்தில் திறக்க முடியாது. எனவே உள்வரும் அழுத்தத்தைக் குறைத்துத் தர அது சிறந்தது. உயர்த்தித் தருவதற்கு வசதியானதல்ல. பவர் டிரான்சிஸ்டர் திறக்கும், மூடும். பெரிய ஓட்டத்தைக் கையாள அதற்குப் பெரிய கட்டுப்பாட்டு ஓட்டம் வேண்டும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்களில் முதன்மையானவர் சென்னையில் பிறந்தவர். 1948-ல் பிறந்த பி. ஜெயந்த் பாலிகா, சென்னை ஐ.ஐ.டி.யில் 1969-ல் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றார். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பணியாற்றியபோது, 1980-களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கியதுதான் ஐ.ஜி.பி.டி. எனப்படும் சாவி. மிகச் சிறிய கட்டுப்பாட்டுத் திறனில் நூற்றுக்கணக்கான ஆம்பியரையும் ஆயிரத்துக்கு மேற்பட்ட வோல்ட்டையும் அதன் வாரிசுகள் இன்று திறந்து மூடுகின்றன. அந்த நிறுவனம் அதை முதலில் விரும்பியது குளிரூட்டி, விளக்கு போன்றவற்றின் மோட்டார், மின்னணுத் தேவைகளுக்காக. இன்று மின்ரயில், காற்றாலை, தூண்டல் உலை எல்லாவற்றிலும் அது உள்ளது. 2024-ல் பின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

சாவியோடு கணிதமும் தேவைப்பட்டது. திறந்தும் மூடியும் துள்ளும் ஒரு சுற்றை எப்படிக் கணக்கிடுவது? கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் மிடில்புரூக்கும் ஸ்லோபோதான் சூக்கும் 1976-ல் இதற்கு ஒரு சராசரி முறையை அளித்தனர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் வி. இராமநாராயணன் அதே கலிபோர்னியக் கழகத்தில் 1986-ல் இத்துறையில் முனைவர் பட்டம் பெற்றவர். அவருடைய பாடக்குறிப்புகள் இந்தியாவில் இத்துறை மாணவர்கள் பலருக்கும் முதல் நூலாயின.

வடிவமைப்பில் உள்ளது

ஓர் எடுத்துக்காட்டு: 48 வோல்ட் மின்கலத் தொகுதியிலிருந்து, 60 முதல் 120 வோல்ட் வரை மாற்றிக்கொள்ளத்தக்க 600 வாட் உயர்த்தி வேண்டும். 60 வோல்ட்டுக்குச் சாவி மூடியிருக்க வேண்டிய விகிதம் 0.2, 120 வோல்ட்டுக்கு 0.6. முழுப் பளுவில், 92 விழுக்காடு செயல்திறன் என்று வைத்தால், மின்கலத்திலிருந்து இழுக்கும் ஓட்டம் 13.6 ஆம்பியர். அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 2.7 ஆம்பியர், ஏறி இறங்கலாம் என்று அனுமதித்து, நொடிக்கு 50,000 முறை சாவி இயங்குவதாகக் கொண்டால், ஏறத்தாழ 210 மைக்ரோஹென்றி மின்தூண்டி போதும். சாவியும் டையோடும் 120 வோல்ட்டைத் தாங்க வேண்டும். பாதுகாப்புக்கு 200 வோல்ட் தாங்குவதைத் தேர்வு செய்வது வழக்கம்.

காகிதத்தில் இவ்வளவுதான். சாவி மூடியிருக்கும் விகிதத்தை 1-க்கு அருகே கொண்டுபோனால் வெளியழுத்தம் எல்லையின்றி ஏறும் என்று சூத்திரம் சொல்கிறது. நடைமுறையில் மின்தூண்டிக் கம்பியின் தடை குறுக்கே நிற்கிறது. அந்தத் தடை பளுவின் தடையில் நூற்றில் ஒரு பங்கு இருந்தாலே, அழுத்தம் 5 மடங்குக்கு மேல் ஏறாது. அந்த உச்சத்தில் சரிபாதி ஆற்றல் தூண்டியிலேயே வெப்பமாகும். மேலே கண்ட கிராமத்துக் கம்பியின் 14,400 வாட் கணக்கும் இதுவும் ஒன்றே. அங்கே கம்பம் வரை நீண்ட தடை, இங்கே உள்ளங்கைச் சுருளுக்குள் அடங்கியிருக்கிறது.

சரிசெய்யும் குமிழைத் திருப்பும்போது இன்னொரு விந்தை நடக்கும். அதிக அழுத்தம் கேட்டால், வெளியழுத்தம் முதலில் ஒரு கணம் குறையும், பிறகுதான் ஏறும். சாவி கூடுதல் நேரம் மூடியிருப்பதால் தூண்டி முதலில் தன்னை நிரப்பிக்கொள்கிறது. அந்த நேரத்தில் பளுவுக்கு எதுவும் வராது. இதை அறியாமல் கட்டுப்பாட்டை வேகமாக்கியவர்களின் சுற்று ஊசலாடி நின்றிருக்கிறது. பளு இல்லாமல் ஓடவிட்டால் மின்தேக்கியில் அழுத்தம் சேர்ந்துகொண்டே போய்ச் சாவி உடையும். வெளியே குறுக்குச்சுற்று ஏற்பட்டால், சாவியைத் திறந்தாலும் தூண்டி, டையோடு வழியே மின்கலம் நேராகக் கொட்டும். தனி ஃபியூஸ் இல்லாமல் இதை ஆலைக்குள் விடக்கூடாது.

ஆலைகளில் இதன் பெரிய வடிவம் மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்குள் இருக்கிறது. 415 வோல்ட் மும்முனை மின்சாரத்தை நேர்திசையாக்கினால் உச்ச அளவில் 587 வோல்ட் கிடைக்கும். இணைப்பில் 340 வந்தால் 480-தான். சாதாரணக் கருவி 'அண்டர் வோல்டேஜ்' என்று காட்டி நின்றுவிடும். முன்பகுதியில் ஐ.ஜி.பி.டி. உயர்த்தி உள்ள கருவியோ, 480-ஐ 650-க்கு ஏற்றி வைத்துக்கொண்டு மோட்டாரை நிற்காமல் ஓட்டும். இழுக்கும் ஓட்டத்தையும் சீரான அலையாக்கிக்கொள்ளும் என்பதால் அடுத்தவருக்கு இரைச்சல் குறைவு. விலை அதிகம், சிறு பட்டறைகள் தயங்குவது இதனால்தான்.

பற்றாக்குறை ஆண்டுகள்

2008 நவம்பரில் உயரழுத்த நுகர்வோருக்கு 40 விழுக்காடு மின்வெட்டு நடைமுறைக்கு வந்தது. கட்டுப்பாடுகள் ஏறியும் இறங்கியும் 2015 வரை நீடித்தன. 2012-ல் சென்னைக்கு வெளியே பல மணி நேர மின்வெட்டு வாடிக்கையாக இருந்தது. ஆலைகள் டீசல் மின்னாக்கிகளை வாங்கின. பட்டறைகள் மின்கல இன்வெர்ட்டர்களை வாங்கின. 12 வோல்ட் மின்கலத்திலிருந்து 230 வோல்ட் எடுக்கும் இன்வெர்ட்டரும் ஓர் உயர்த்திதான். மின்சாரம் வந்ததும் எல்லா மின்கலங்களும் ஒரே நேரத்தில் ஏற்றமடையத் தொடங்கும். வந்த மின்சாரத்தின் அழுத்தம் உடனே சரியும். 2013 டிசம்பர் 31 அன்று தென்மண்டல மின்தொகுப்பு நாட்டின் பிற பகுதிகளோடு ஒத்திசைவாக இணைந்ததும், புதிய உற்பத்தி நிலையங்கள் வந்ததும் பற்றாக்குறையைத் தணித்தன. கடைக்கோடி அழுத்தம் அதனால் மட்டும் தணியவில்லை, ஏனென்றால் அது உற்பத்திக் குறை அல்ல.

அதற்கான மருந்துகள் வேறு. உயரழுத்த நுகர்வோரின் திறன்காரணி 0.90-க்குக் கீழே போனால் கூடுதல் கட்டணம் என்ற விதி, ஆலைகளை மின்தேக்கி பொருத்த வைத்தது. மின்தேக்கி பளுவின் அருகிலேயே இருந்துகொண்டு கம்பியில் வீணாக ஓடும் ஓட்டத்தைக் குறைக்கிறது. பொருத்தியவருக்கு மட்டுமின்றிப் பக்கத்து இணைப்புக்கும் அழுத்தம் சற்று ஏறும். உயர்த்திகளுக்கு இல்லாத நற்குணம் இது. இன்னொன்று, 11,000 வோல்ட் கம்பியையே வயலும் பட்டறையும் இருக்கும் இடம் வரை கொண்டுபோய், சில இணைப்புகளுக்கு ஒரு சிறு மின்மாற்றி என்று வைக்கும் முறை. பைக்காராவில் செய்ததையே தெருவளவில் செய்வது இது. ஒரு பெரிய மின்மாற்றிக்குப் பதில் பல சிறியவை வேண்டும் என்பதால் வாரியத்துக்குச் செலவு. ஸ்டெபிலைசர் என்றால் அந்தச் செலவு நுகர்வோருக்கு. பல பத்தாண்டுகள் இரண்டாவது வழியே நடந்தது.

கூரைச் சூரியத் தகடுகள் வந்தபின் கணக்கு சில கம்பங்களில் திரும்பத் தொடங்கியுள்ளது. தகடு தரும் அழுத்தம் வெயிலுக்கேற்ப ஏறி இறங்குவதால், பெரும்பாலான கூரைச் சூரிய இன்வெர்ட்டர்களுக்குள் ஒரு சரிசெய்யத்தக்க உயர்த்தி இருக்கிறது. நண்பகலில் ஆலைக்கூரையிலிருந்து மின்சாரம் கம்பிக்குள் திரும்பப் பாயும்போது, கடைக்கோடியில் அழுத்தம் மின்மாற்றியில் உள்ளதைவிடக் கூடுகிறது. வரம்பைத் தாண்டினால் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். மாலையில் வெயில் சாய்ந்து விளக்கும் மோட்டாரும் ஒருசேர ஓடத் தொடங்கும்போது, அதே கம்பத்தில் பழையபடி அழுத்தம் இறங்கும்.